மொட்டையனிடம் சொன்னது

மக்கா,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மற்றதை நீ சாவகாசமாக வாசிக்கலாம். சனிக்கிழமை சாயங்காலம் மேனேஜர் வீட்டில் சாப்பாடு என்று எழுதியிருக்கிறாய். போ, நன்றாகச் சாப்பிடு. ஆனால் உன் வகுப்பில் அந்தப் பிள்ளை உன் கைப்பொம்மையிடம் சொன்னதை அங்கே வாய்திறந்து சொல்லாதே. பெயர் சொல்லாமல் சொல்கிறேன் என்று ஆரம்பிக்காதே. "ஒரு வேடிக்கை கேளுங்கள்" என்று ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதே. இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டால் மலை ஏறி உன்னிடம் வந்து சேரத் திங்கட்கிழமையாகிவிடும் என்பதால், நாளை வடசேரிச் சந்தைக்கு வருகிற உங்கள் ரப்பர்த் தோட்டத்து லாரி டிரைவரிடம் கையில் கொடுக்கப் போகிறேன். அந்த ஆளுக்கு முன்னால் நின்று ஒரு உதவி கேட்பது எனக்கு எவ்வளவு கசப்பான காரியம் என்பது உனக்குத் தெரியும். போன ஓணத்துக்கு உன் டிரங்குப் பெட்டியை நனைய விட்டவன் அவன். இருந்தாலும் கேட்கப் போகிறேன்.

உன் கடிதத்தில் நான்கு பக்கம். அதில் மூன்றரைப் பக்கம் அட்டை கடித்ததும், மழையும், பொம்மைத் தலை வெடித்துப் போனதும். மிச்ச அரைப் பக்கத்தில், ஏதோ கடைசியில் நினைவு வந்தது போல, இதை எழுதியிருக்கிறாய். ஒன்றாம் வகுப்பில் ஒரு பால்வெட்டுக்காரரின் மகள் உன் பொம்மையின் காதில் வாயை வைத்துச் சொன்னாளாம்: அவள் அப்பா ரப்பர் மரத்தில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலைச் சுருட்டிச் சோற்றுப் பாத்திரத்துக்கு அடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருகிறார், சேர்ந்ததும் மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் கொடுக்கிறார், அவளுடைய பச்சைப் பாவாடை அப்படி வந்ததுதான். "மேனேஜரிடம் சொன்னால் வயிறு வலிக்கச் சிரிப்பார் அப்பா" என்று எழுதியிருக்கிறாய். சிரிப்பார். நல்ல மனிதர், படித்தவர், உன்னோடு பந்து விளையாடுகிறவர் என்கிறாய். சிரித்து முடித்த பிறகு, கை கழுவிக்கொண்டு, அடுத்த நாள் காலையில் சோற்றுப் பாத்திரங்களையெல்லாம் திறந்து பார்க்கச் சொல்வார். அவர் சம்பளம் வாங்குவது அதற்குத்தான். அந்தக் குடும்பத்துக்கு அதற்கு மறுநாள் தோட்டத்து லைன் வீட்டில் இடம் இருக்காது. மூட்டை முடிச்சோடு மலை இறங்கும்போது, எதனால் இது வந்தது என்று அந்த வீட்டில் யாரும் யோசிக்காமல் இருக்கமாட்டார்கள். கடைசியில் அந்தப் பிள்ளையிடம்தான் வந்து நிற்பார்கள்.

உன் மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது. இது இன்றைக்கு வந்த ஆத்திரம் அல்ல. உன்னை பி.ஏ. வரைக்கும் படிக்க வைத்து, திருவனந்தபுரத்துக்குச் சட்டம் படிக்க அனுப்ப எல்லாம் பேசி வைத்திருந்தேன். உன் மாமா குறுக்கே விழுந்து, "பையனுக்கு இஷ்டம் இல்லாததைச் செய்யப்படாது அத்தான்" என்று அவர் வீட்டுப் பிள்ளைக்குச் செய்யாத உபதேசத்தை எனக்குச் செய்தார். அவர் மகன் இன்று வக்கீல். நீ அட்டைக்கடி வாங்கிக்கொண்டு முப்பது குழந்தைகளுக்கு மூக்குத் துடைத்துவிடுகிறாய். சரி, போய்த் தொலையட்டும் என்று விட்டுவிட்டேன். வாத்தியார் மகன் வாத்தியார் ஆனான் என்று ஊரில் சொல்கிறார்கள். நான் வாத்தியார் ஆனது எனக்கு வேறு கதி இல்லாமல். நீ ஆனது எல்லாக் கதியும் இருந்து. அந்த வித்தியாசம் ஊருக்குத் தெரியாது.

இப்போது பொம்மைத் தலை விஷயம். படித்துவிட்டுச் சிரித்தேன் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். தலையைக் களிமண்ணும் காகிதமும் கலந்து பிடித்து, மழையில் காயவில்லை என்று ரப்பர் ஷீட்டு உலர்த்துகிற புகைப்புரையில் கொண்டுபோய்த் தொங்கவிட்டிருக்கிறாய்! மூன்று நாளில் கருவாடு மாதிரி சிவந்து, நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் பிளந்து, வகுப்பு முழுக்கப் புகைநாற்றம் என்று எழுதுகிறாய். பிளக்காமல் என்ன செய்யும்? ஒரு பட்டதாரிக்கு இது தெரியவில்லை. முகம் நிழலில்தான் காயவேண்டும். மேல்தோல் சூட்டில் சுருங்கிவிடும், உள்ளே ஈரம் நிற்கும், அப்புறம் வெடிக்கும். அவசரப்பட்டால் எல்லா முகமும் வெடிக்கும்.

களிமண்ணைக் காகிதக் கூழோடு கலக்காதே, கனக்கும். பழைய பத்திரிகைகளைக் கிழித்து மூன்று நாள் தண்ணீரில் ஊறப்போடு. தினமும் தண்ணீரை மாற்று. பிறகு பிழிந்து ஆட்டுரலில் ஆட்டு. நான் உன் அம்மாவின் ஆட்டுரலில் ஆட்டினேன். அடுத்த நாள் தோசை சாம்பல் நிறத்தில் வந்தது. "இனிமே இந்த உரல்ல மாவு ஆட்டவா, பேப்பர் ஆட்டவா? அதை ஒண்ணு சொல்லிருங்கோ, நான் எங்கம்மை வீட்டுக்குப் போயி ஆட்டிட்டு வாறேன்" என்றாள். ஆகவே நீ தனியாக ஒரு உரல் பார்த்துக்கொள். புளியங்கொட்டையை வறுத்துத் தோலைத் தட்டி, ஊறவைத்து அரைத்துக் காய்ச்சினால் பசை. அதில் நாலு சொட்டு வேப்பெண்ணெய் விடவேண்டும். விடாவிட்டால் எலிக்குக் கொண்டாட்டம். ஒரு கோழிமுட்டையளவு மண் உருண்டையைப் பிடித்து, அதன் மேல் இந்தக் கூழை விரல் கனத்துக்கு அப்பி, மூக்கை மட்டும் கொஞ்சம் எடுப்பாக வை. ஒரு வாரம் நிழலில் கிடக்கட்டும். காய்ந்ததும் கழுத்து வழியாக உள்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டால் தலை காற்றுப்போல இருக்கும். ஆள்காட்டி விரல் நுழைகிற அளவுக்குப் பனையோலையைச் சுருட்டிக் கழுத்தில் செருகு. உடம்புக்கு ஒரு சட்டை, அவ்வளவுதான். ஆள்காட்டி விரல் தலைக்கு, பெருவிரலும் நடுவிரலும் இரண்டு கைக்கு. சுண்ணாம்பு, மஞ்சள், அடுப்புக்கரி, இந்த மூன்றைத் தவிர வேறு சாயம் வேண்டாம். குழந்தைகள் நக்கிப் பார்க்கும். வாயைச் சிரிக்கிற மாதிரி எழுதாதே, அழுகிற மாதிரியும் எழுதாதே. ஒரு கோடு போதும். சிரிப்பதா அழுவதா என்பதை எதிரே உட்கார்ந்திருக்கிறவன் பார்த்துக்கொள்வான்.

நான் அந்தக் காலத்தில் செய்த பொம்மைக்குத் தேங்காய்ச் சவுரி நாரில் தலைமுடி ஒட்டியிருந்தேன். வேப்பெண்ணெய் விட வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது. இரண்டாம் நாளே எலி முடியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. வகுப்புக்கு எடுத்துக்கொண்டு போனதும் ஒரு பயல், "சாரே, இவன் மொட்டையனாக்கும்!" என்றான். அன்றிலிருந்து அவன் பெயர் மொட்டையன். உனக்கு அப்போது பதின்மூன்று வயது. மொட்டையனை நீ நாலைந்து தடவை பார்த்திருப்பாய். ஒரு நாள், "அப்பா, மொட்டையன் எங்கே?" என்று கேட்டாய். எலி கொண்டுபோய்விட்டது என்றேன். அது பொய். அந்தப் பொய்யை எடுத்துக் கீழே வைக்கத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

நாடு சுதந்திரம் அடைந்து நாலைந்து மாதம் ஆகியிருந்தது. எல்லோருக்கும் என்னென்னவோ வந்தது. எனக்கு ஒன்றாம் வகுப்பு வந்தது. மேல்வகுப்புக்கு இலக்கணம் நடத்திக்கொண்டிருந்த என்னை ஹெட்மாஸ்டர் கீழே தள்ளினார். அவருடைய மைத்துனனுக்கு என் வகுப்பு வேண்டியிருந்தது. அந்த மைத்துனனுக்கு யாப்பு என்றால் ஏதோ செருப்பு தைக்கிற சாமான் என்று நினைப்பு. அதை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன், உன்னிடமும் சொல்லியிருக்கிறேன். அந்தக் கோபத்தில்தான் மொட்டையனைச் செய்தேன் என்பதை யாரிடமும் சொன்னதில்லை. ஒன்றாம் வகுப்பைக் கேலிக்கூத்தாக்கிக் காட்டுகிறேன், அவர் தலையில் அடித்துக்கொண்டு என்னைத் திரும்ப மேலே அனுப்புவார் என்று கணக்குப் போட்டேன். அவரும் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஓய், இது பள்ளிக்கூடமா, பாவக்கூத்துக் கொட்டகையா?" என்றார். ஆற்றில் துணி துவைக்கிற பெண்கள்கூட, "சாரே, மழையைக் காணல்லியே, உம்ம பாவையை வச்சு ஒரு கூத்து நடத்தப்படாதா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். தோல்பாவை ஆடினால் மழை வரும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை அல்லவா.

ஆனால் என் கணக்கு தப்பிப்போய்விட்டது. மொட்டையனிடம் குழந்தைகள் படித்தார்கள். நான் சொன்னால் கேட்காத கழுதைகள் அவன் சொன்னால் கேட்டன. காரணத்தை நான் மெதுவாகத்தான் கண்டுபிடித்தேன். அதை உனக்கு இலவசமாகத் தருகிறேன். பொம்மை வாத்தியாராக இருக்கக் கூடாது. அது மக்காக இருக்கவேண்டும். மொட்டையனுக்கு ஒன்றும் தெரியாது. "ஒண்ணு, ரெண்டு, அஞ்சு" என்று எண்ணுவான். முப்பது தொண்டையும் ஒரே நேரத்தில், "தப்பு! தப்பு!" என்று கத்தும். பிறகு ஒரு பிள்ளை எழுந்து வந்து அவனுக்குச் சரியாகச் சொல்லிக்கொடுக்கும். அவன் திரும்பவும் தப்பாகச் சொல்லுவான். திரும்பவும், "தப்பு! தப்பு!" ஒரு மாதத்தில் நூறு வரைக்கும் எண்ணினார்கள். மொட்டையன் வாயைத் திறந்தாலே தப்பு என்று கத்துவது அவர்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிட்டது.

அந்த வகுப்பில் பகவதி இருந்தாள். பெரிய வீட்டு அண்ணாச்சியின் கடைசிப் பெண், உன் ஒன்றுவிட்ட தங்கை. பள்ளிக்கூடத்தில் என்னை சார் என்று கூப்பிடவேண்டும், வெளியே சித்தப்பா என்று கூப்பிடவேண்டும் என்று அவள் அம்மை சொல்லி அனுப்பியிருந்ததால் குழம்பிப்போய் எதையும் கூப்பிடாமல் ஆறு மாதம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் பேசிய முதல் வார்த்தை மொட்டையனிடம்தான். கிட்டே வந்து, அவன் கையைப் பிடித்து, மிகவும் பொறுமையாக, "ரெண்டுக்குப் பொறவு மூணாக்கும், மொட்டையா. உனக்கு எத்தனை மட்டம் சொல்லணும்?" என்றாள்.

அண்ணாச்சிக்கும் எனக்கும் என்ன பகை என்பது உனக்குத் தெரியும். நூறு தடவை சொல்லியிருக்கிறேன், நூற்றொன்றாவது தடவையும் சொல்கிறேன். உன் தாத்தா இறந்த பிறகு அண்ணன் தம்பி நாங்கள் பாகம் பிரித்ததில் வாய்க்கால் பாய்கிற வயலெல்லாம் அவருக்கு, தண்ணீர் ஏறாத மேட்டு நிலம் எனக்கு. "நீ சம்பளக்காரன், உனக்கு எதுக்குலே வயலு?" என்று பத்துப் பேர் நடுவே கேட்டார். அது கிடக்கட்டும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கிடக்கவில்லை, என்னோடுதான் நடந்து வருகிறது.

அது அரிசிப் பஞ்சக் காலம். நாஞ்சில் நாட்டில் நெல் விளைந்தும் நாம் மரச்சீனிக்கிழங்கு தின்றோம் என்பது உனக்கு நினைவிருக்கும். அறுத்தடித்த நெல்லில் வீட்டுக்கு இவ்வளவு என்று வைத்துக்கொண்டு மிச்சத்தைச் சர்க்காருக்கு அளந்துவிட வேண்டும். கொஞ்சம் வயல் வைத்திருந்தவர்கள்கூட எதையாவது ஒளித்தார்கள். நான் ஒளிக்கவில்லை. எனக்கு ஒளிக்க நெல் இல்லை.

ஒரு நாள் எண் பாடத்துக்காக மொட்டையனை விட்டு ஒவ்வொரு பிள்ளையிடமும் அவரவர் வீட்டில் உள்ளதை எண்ணச் சொன்னேன். எத்தனை மாடு, எத்தனை குடம், எத்தனை கோழி. அதுதான் நான் செய்த முதல் தவறு. பொம்மையை வீட்டுக்குள்ளே விடக்கூடாது. புளியங்கொட்டையை எண்ணச் சொல், காக்காயை எண்ணச் சொல், மழைக்கு ஒதுங்கிய ஆட்டை எண்ணச் சொல். வீட்டை எண்ணச் சொல்லாதே. பகவதியின் முறை வந்தது. "பசு நாலு. எருமை ஒண்ணு. நெல்லுப் பத்தாயம் ரெண்டு" என்று மற்றவர்களுக்குக் கேட்கும்படி சொன்னாள். பிறகு மொட்டையனின் தலையைத் தன் வாய்க்குக் கிட்டே இழுத்து, "இல்ல, மூணு. ஒண்ணு சாமி அறைக்குப் பின்னால. சுவரு வச்சு அடைச்சிருக்கு. ஆருட்டயும் சொல்லப்படாது. நீ எண்ணுகதுக்காகத்தான் சொன்னேன், இல்லாட்டி உனக்குக் கணக்கு தப்பிரும்லா" என்றாள்.

அவள் சொன்னது அவனுடைய காதில். அந்தக் காதுக்குள்ளே இருந்தது என் விரல்.

தாலுகா ஆபீசில் என்னோடு படித்த ஒரு குமாஸ்தா இருந்தான். அவனிடம் இதை விளையாட்டாகச் சொன்னேன் என்றுதான் ஒன்பது வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வருகிறேன். பஸ்ஸுக்கு நிற்கும்போது பேச்சு வாக்கில் வந்துவிட்டது, யாருக்குத்தான் வராது என்று. உன் கடிதத்தில் "மேனேஜர் சிரிப்பார்" என்ற வரியைப் பார்த்ததும் அந்தச் சமாதானம் உடைந்துவிட்டது. நீ சிரிப்பதற்காகச் சொல்ல நினைத்தாய். உன்னிடம் புத்தி இல்லை, கெட்ட எண்ணமும் இல்லை. என் கதை அப்படி இல்லை மக்கா. அவன் வியாழக்கிழமை வரும் பஸ்ஸில்தான் வருவான் என்பது எனக்குத் தெரியும். எனக்கு அன்று பஸ் ஏற வேண்டிய வேலை எதுவும் இல்லை. இரண்டு மைல் வெயிலில் நடந்து போய் அவனுக்காகக் காத்து நின்றேன். போகும் வழியெல்லாம் எந்தத் தொனியில் சொன்னால் விளையாட்டாகச் சொன்ன மாதிரி இருக்கும் என்று பழகிக்கொண்டே போனேன்.

நாலாம் நாள் ஆட்கள் வந்து சுவரை இடித்தார்கள். நெல்லை அளந்து வண்டியில் ஏற்றினார்கள். அண்ணாச்சி ஊர் முன்னால் தலைகுனிந்து நின்றார். நான் நினைத்தபடி எல்லாம் நடந்தது. நினைக்காத ஒன்றும் நடந்தது. சுவருக்குப் பின்னால் இருப்பது வீட்டுக்கு வெளியே எப்படிப் போயிற்று என்று விசாரித்தபோது, பகவதி தானாகவே முன்னால் வந்து, "நான் மொட்டையன்கிட்ட மட்டும்தான் சொன்னேன்" என்றிருக்கிறாள். அவள் அம்மை காந்தாரி மிளகாயை அரைத்து அவள் வாயில் தேய்த்தாள். ஆறு வயசுப் பிள்ளை. மூன்று நாள் கஞ்சிகூடக் குடிக்க முடியவில்லை என்று பிறகு உன் அம்மா சொன்னாள். காட்டிக்கொடுத்தது யார் என்று தெரியாமல் என்னிடமே வந்து சொல்லி அழுதாள். நான் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தேன்.

மறுவாரம் அண்ணாச்சி பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கூட ஹெட்மாஸ்டர். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

"உன் மொட்டையன் எங்கலே?"

மேசை மேல் கிடந்தவனைக் காட்டினேன்.

"பிள்ளை இவன்கிட்டதான் சொன்னேங்கு. இவனுக்குக் காலு உண்டா, தாலுகா ஆபீசுக்கு நடந்து போறதுக்கு?"

"பிள்ளைகள் நாலு பேர்கிட்ட சொல்லும் அண்ணாச்சி. அதையெல்லாம் நான் பார்த்துக்கிட்டா இருக்க முடியும்?" என்றேன்.

"நீ சொல்லல்லே?"

"சத்தியமா இல்லை."

"உன் சத்தியம் எனக்கு வேண்டாம்லே. பாகம் பிரிக்கையிலேயே அதைப் பார்த்தாச்சு. இவனைக் கையில மாட்டு. இவன் வாயால சொல்லச் சொல்லு. எம்பிள்ளை நம்பினது இவனையாக்கும்."

ஹெட்மாஸ்டர், "விடும் ஓய், பிள்ளைகள் முன்னால என்னத்துக்கு" என்றார். அவர் அன்று எனக்காகப் பேசினார் என்பதை நான் இதுவரை யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. நான்தான் விடவில்லை. பயந்தவன் என்று ஆகிவிடக் கூடாது என்று மொட்டையனை எடுத்துக் கையில் மாட்டினேன். அவனுடைய குரலில், அந்த மூக்கடைத்த குரலில், "நான் ஆருட்டயும் சொல்லல்லே" என்றேன்.

"தப்பு! தப்பு!" என்று முப்பது பிள்ளைகளும் கத்தினார்கள்.

அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. மொட்டையன் வாயைத் திறந்தான், அவர்கள் கத்தினார்கள். நான் பழக்கியதுதான். சில பிள்ளைகள் சந்தோஷமாகக் கையைக்கூடத் தட்டினார்கள். சரியாகச் சொல்லிக்கொடுப்பதற்காக முன்பெஞ்சில் இருந்த ஒருவன் எழுந்துகூட வந்துவிட்டான். அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்தார். நான் மொட்டையனின் முகத்தைப் பார்த்தேன். பிறகு அவர் ஒரே ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, போய் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டார்.

எலி கொண்டுபோகவில்லை. அன்று சாயங்காலம் ஆற்றுப்பாலத்தில் நின்று நானே போட்டேன். கூழ்தானே, கரைந்திருக்கும். அடுத்த மாதம் எனக்கு மேற்கே மாற்றல் வந்தது. ஹெட்மாஸ்டர் செய்த சதி என்று ஒன்பது வருஷம் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்களும் நம்பினீர்கள். அவர் ஊருக்கு வரும்போதெல்லாம் உன் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள், பாவம், எனக்காக. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் மாற்றலோடு நிறுத்தியிருக்கமாட்டேன். ஆனாலும் என் பீரோவைப் பூட்டி வைத்துக்கொண்டு சாவியைத் தராமல் இழுத்தடித்தது அநியாயம், அதை நான் மன்னிப்பதாக இல்லை.

பகவதியை அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. "பொட்டைப்பிள்ளைக்கு இந்தப் படிப்பே போதும்" என்றார்களாம். போன மாதம் கோட்டாறில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். தாவணி போட்ட ஒரு பெண் கிட்டே வந்து, "சித்தப்பா, சொகமா இருக்கியளா?" என்றாள். அவள்தான். அந்த வீட்டில் எல்லோரும் என்னைக் கண்டால் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போவார்கள். இவள் வந்தாள். எதிரே பஸ் வந்து நின்றது. நெற்றிப் பலகையில் முழ நீளத்துக்கு ஊர்ப்பெயர் எழுதியிருந்தது. அதை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பி, "இது எங்க போற பஸ்ஸு சித்தப்பா?" என்று கேட்டாள். சுசீந்திரம் என்றேன். "அப்ப இதுதான்" என்று சொல்லி ஏறிக்கொண்டாள். கூட்டத்தில் நின்றுகொண்டு சிரித்துத் தலையை ஆட்டினாள். நான் என் பஸ் வந்த பிறகும் ஏறாமல் நின்றேன்.

ஆகவே திங்கட்கிழமை வகுப்பில் நீ செய்யவேண்டியது இது. அந்தப் பிள்ளை உன் பொம்மையிடம் வந்து, நான் சொன்னதை நினைவிருக்கிறதா என்று கேட்பாள். கேட்காமல் இருக்கமாட்டாள், ரகசியம் சொன்ன பிள்ளைக்கு அது அரித்துக்கொண்டே இருக்கும். உன் பொம்மை மறந்துபோயிருக்க வேண்டும். எதைச் சொன்னாய், எப்போது சொன்னாய், நீ யார், உன் பெயர் என்ன என்று அவளையே கேட்கட்டும். அவள் தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பாள். மக்குப் பொம்மைக்கு மறதி ஒரு குறை அல்ல. அவள் திரும்பச் சொல்ல ஆரம்பித்தால் அது தூங்கிவிட வேண்டும், குறட்டை விட்டுத் தூங்கிவிட வேண்டும். நீயும் மறந்துவிடு. உன்னால் முடியாது என்று தெரியும், நீ என் மகன், ஒன்றையும் மறக்கிற ரத்தம் இல்லை. மறந்தவன் மாதிரி நடந்துகொள். நாற்பது வயதுக்கு மேல் அதுவே பழகிவிடும் என்கிறார்கள், எனக்குப் பழகவில்லை.

உன் கடிதத்தின் அந்த அரைப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். வழக்கம்போல உன் கடிதத்தை வாசித்துக் காட்டச் சொல்லி உன் அம்மா வந்து உட்கார்ந்தாள். மூன்றரைப் பக்கம் வாசித்தேன். "இவ்வளவுதானா?" என்றாள். இவ்வளவுதான் என்றேன். இந்தக் கடிதத்தை மட்டும் ஒட்டுவதற்கு முன்னால் அவளுக்கு முழுவதும் வாசித்துக் காட்டப் போகிறேன், உன் பால்வெட்டுக்காரர் வருகிற இடத்தைத் தாண்டிவிட்டு. அப்புறம் நாளைக் காலைக் காப்பி கிடைக்குமா என்று தெரியவில்லை.

சனிக்கிழமை மேனேஜர் வீட்டில் சாப்பாடு முடிந்து வெற்றிலைத்தட்டு வரும். எல்லோரும் ஏதாவது வேடிக்கை சொல்வார்கள், உன் முறையும் வரும். உன் நாக்கு சும்மா இருக்காது, அது எனக்குத் தெரியும். நல்ல கதை ஒன்று கைவசம் வைத்துக்கொண்டு சொல்லாமல் வருகிற பொறுமை நம் வீட்டில் யாருக்கும் கிடையாது. அப்போது இதைச் சொல். ஒரு ஊரில் ஒரு வாத்தியார் இருந்தார், நன்றாகப் படித்தவர், அவர் ஒரு மொட்டைப் பொம்மையைக் கையில் மாட்டிக்கொண்டு ஆறு வயதுப் பிள்ளையிடம் உளவு கேட்டு, அவள் தகப்பனைக் காட்டிக்கொடுத்தார், முப்பது பிள்ளைகள் கூடி அவர் முகத்துக்கு நேரே தப்பு என்று கத்தினார்கள் என்று சொல். வயிறு வலிக்கச் சிரிப்பார். யார் அந்த வாத்தியார் என்று கேட்டால், என் அப்பா என்று சொல்லிவிடு.